புலிக்கல்லுக்கு ஒரு திருத்தம்

தீனதயாளனுக்கு ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும் வாய் கொப்பளித்தாக வேண்டும். வயதானதால் வந்த பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 'மைப்படி' காலாண்டிதழை அவர் ஆரம்பித்த 1991-லேயே அது வந்துவிட்டது. அதற்குத் தோதாக இதழின் அலுவலகமும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் டாக்டரின் மாடியில் அமைந்தது. கட்டுரை சுமாரான மோசம் என்றால் மாடிக் குழாயோடு முடிந்துவிடும். படுமோசம் என்றால் கீழே இறங்கிப் போய், டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் காகிதக் குவளையில் இருக்கும் அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரை வாங்கிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வருவார். வாயைத் திறந்தபடி கிடக்கும் நோயாளிகள், இவர்தான் பெரிய டாக்டர் போலிருக்கிறது என்று படுத்தவாக்கிலேயே கும்பிடுவார்கள். அவரும் வாய்க்குள் ஒரு பார்வை பார்த்து, "ஹூம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் படியேறுவார். அந்த ஹூமுக்குப் பயந்து வெற்றிலையை விட்டவர்கள் சேலத்தில் பதினேழு பேர்.

கல்வெட்டின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுக்கிற நகலுக்குத்தான் மைப்படி என்று பெயர். கல்லில் என்ன இருக்கிறதோ அதுதான் அதில் விழும். எடுக்கிறவனுடைய ஆசை விழாது. அதனால்தான் இதழுக்கு அந்தப் பெயரை வைத்தார். சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றைத் தவிர வேறு எதுவும் அதில் வராது. சந்தாதாரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் நாற்பது பேர் காலமாகிவிட்டார்கள். அவர்களுக்கு அனுப்பிய இதழ்களும் திரும்பி வரவில்லை என்பதால், போன இடத்திலும் படிக்கிறார்கள் என்று அவர் வைத்துக்கொண்டார்.

குமட்டலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வருகிற கட்டுரைகளை நம்புவதென்றால், பதிமூன்றாம் நூற்றாண்டில் ஆத்தூருக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே நானூறு அரசர்கள் இருந்தார்கள். குடிமகன் என்று ஒருவன்கூட இல்லை. எழுதுகிறவன் எவனாக இருந்தாலும் அவனுடைய முப்பாட்டன் கையில் வாளோடுதான் பிறந்திருந்தான். அப்படியானால் ஏர் ஓட்டியவன் யார், தறி நெய்தவன் யார், ஆடு மேய்த்தவன் யார் என்று கேட்டு எழுதினால், அது பக்கத்து ஊர்க்காரர்கள் என்று பதில் வந்தது. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று வருகிற பேராசிரியர்கள் இன்னொரு பக்கம். போன மாதம் ஒருவர் அனுப்பிய பழைய வணிகப் பாதைகள் பற்றிய கட்டுரையின் கடைசி வரி, "இதை இன்னும் எளிமையாகச் சுருக்கித் தரட்டுமா?" என்று இருந்தது. இயந்திரம் எழுதித் தந்ததை அந்த மனுசன் கடைசிவரை படித்துக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு இரண்டு குவளை.

இத்தனை குப்பைக்கு நடுவிலும் 'மைப்படி'க்கு ஒரு மரியாதை இருந்தது என்றால் அது ஒரே ஒரு விதியால்தான். முதல் இதழிலேயே கட்டம் கட்டி அச்சடித்த விதி. பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், பிழை செய்தவரின் பெயரோடு திருத்தம் வரும். மற்ற இதழ்களைப் போலக் கடைசிப் பக்கத்து மூலையில் எறும்பு எழுத்தில் 'வருந்துகிறோம்' என்று பம்முகிற வேலை இங்கே கிடையாது.

அந்த விதியின் கீழ் முப்பத்து நான்கு வருஷத்தில் அறுபத்தொரு பேருடைய மானம் போயிருந்தது. ஆகப் பெரிதாகப் போனது ராசிபுரத்து ஆசிரியர் வெங்கடாசலத்துடையது. 2003-ல் அவர் ஒரு நடுகல்லின் படத்தை அனுப்ப, அது அட்டையில் வந்தது. எழுத்து மங்கலாக இருக்கும் கல்லைப் படம் எடுக்கும்போது சிலர் சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு இழுப்பார்கள். கல்வெட்டுக்காரர்களுக்கு அதைவிடப் பாவம் வேறு இல்லை. சாக்பீஸ் கல்லில் இருப்பதைக் காட்டாது, இழுக்கிறவன் மண்டையில் இருப்பதைக் காட்டும். வெங்கடாசலம் அதைத்தான் செய்திருந்தார். பிழை அட்டையில் வந்தது, ஆகவே திருத்தமும் அட்டையில் வந்தது: "இராசிபுரம் இரா. வெங்கடாசலம், எம்.ஏ., தாமே சாக்பீஸால் வரைந்த நான்கு கோடுகளைச் சென்ற இதழில் கல்வெட்டு என்று வெளியிட்டோம்." அதற்கப்புறம் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தாலே வகுப்பு முழுவதும் சிரித்ததால், மிச்ச எட்டு வருஷமும் கரும்பலகையைத் தொடாமல் வாயாலேயே பாடம் நடத்தி ஓய்வு பெற்றார். 'விதி என்றால் விதி' என்று தீனதயாளன் அப்போது சொன்னார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

இந்த ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சௌந்தர்யா ஜேடர்பாளையத்துப் பக்கம் வெள்ளைக்கல்மேட்டில் இருந்து ஒரு மைப்படியை எடுத்து வந்து, அலுவலகக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். அவள்தான் இதழின் துணையாசிரியர். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள்; விடுமுறை நாளில் வந்து பக்கம் கட்டி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் போவாள். முப்பத்தைந்து வயது. வாய் மட்டும் அறுபது.

வெள்ளைக்கல்மேட்டுக் கல் 'மைப்படி'யின் பெருமை. 1994 அக்டோபர் இதழின் அட்டையில், "காவிரிக் கரையில் புலிகுத்திக் கல் — கண்டறிந்தவர் தீனதயாளன்" என்று வந்தது. ஒரு வீரன், கையில் வாள், பாயும் புலி. வந்ததுதான் தாமதம், அந்த ஊருக்கே புலி பிடித்துவிட்டது. ஊருக்குப் புலிமேடு என்று பெயர் மாறியது. கல்லுக்குக் கோயில் எழும்பியது. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் சின்னராஜ், புலியைக் குத்தியவர் தம் நேர் முப்பாட்டன் என்று அறிவித்து, தம் வண்டிகளில் எல்லாம் புலி வரைந்தார். அதில் ஒரு வண்டி ஆப்பிரிக்காவுக்குத் துளை போடப் போனபோது, புலியையே பார்த்திராத அந்த ஊர்ச் சிங்கங்கள் மூன்று நாள் காட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று சொல்வார்கள். படிப்பாளிகளும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கல்லை வைத்துப் பதினொரு பேர் முனைவர் பட்டம் வாங்கினார்கள். ஒருவர் புலியின் நீளம் ஒன்பதடி நான்கு அங்குலம் என்று கணக்கிட்டார். இன்னொருவர் அது பெண் புலி என்று நிறுவினார். மூன்றாமவர் கொல்லிமலையில் இருந்து காவிரிவரை புலிகள் தண்ணீர் குடிக்க வந்துபோன பாதையை வரைபடமாகவே போட்டுவிட்டார்.

இப்போது சின்னராஜ் கோயிலைப் பெரிதாக்கிக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார். அதற்காகக் கல்லில் முப்பது வருஷமாக ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கையும், அடிப்பாகத்தின் இடது பக்கத்தை 1994-லேயே மூடியிருந்த பழைய சிமெண்டுப் பூச்சையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். அந்தச் சாக்கில்தான் சௌந்தர்யா மைப்படி எடுத்தாள்.

"சார், புலிக்கு வால் எங்க?" என்றாள்.

"அட்டையில பாரு. வீரனோட தோள் வரைக்கும் போகுதே."

"அட்டையில போகுது சார். கல்லுல போகல. கட்டை விரல் நீளத்துக்கு இருக்கு."

"உடைஞ்சிருக்கும்."

"வரியெல்லாமும் உடைஞ்சிருச்சா?"

தீனதயாளன் எழுந்து வந்து மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கறுப்பு மைக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஓர் உருவம். வரி இல்லை. வால் இல்லை என்றே சொல்லலாம். பாயவும் இல்லை, நாலு காலையும் ஊன்றி, சாதுவாக, யாராவது ஒரு கை தழை போட்டால் நன்றாக இருக்கும் என்பதுபோல நின்றது. வீரனுடைய வாளுக்கு நுனியில் ஒரு கொக்கி இருந்தது.

"வாளுல கொக்கி எதுக்கு சார்? இது தொரட்டி. தழை இழுக்கறது." அவள் விரல் கீழே போனது. "சிமெண்டுக்குள்ள இருந்த வரியையும் படிச்சுட்டேன். நீங்க அன்னைக்குப் பாத்தது 'மீட்டுப் பட்டான்'ங்கற கடைசி ரெண்டு வார்த்தைதான். முன்னாடி என்ன இருக்கு பாருங்க. 'ஆற்றிற் போன கிடாய்.' ஆத்துல அடிச்சுட்டுப் போன கிடாயை மீட்டுட்டு, அதுலயே செத்துப்போயிருக்கான் இந்த ஆளு."

"கிடாய்னா கொம்பு இருக்கணுமே!"

"எங்க மாமனார் ஊடு மேச்சேரி சார். பட்டியில முப்பது நிக்குது. மேச்சேரி ஆட்டுல கிடாய்க்கும் கொம்பு இருக்காது. வாலும் இத்துனூண்டுதான். ஆட்டைப் பாத்ததே இல்லையா நீங்க?"

அம்மாப்பேட்டை நெசவாளர் தெருவில் பிறந்த தீனதயாளன், உண்மையில் ஆட்டைக் குழம்பில்தான் நெருக்கமாகப் பார்த்திருந்தார்.

சௌந்தர்யா பழைய அட்டையையும் மைப்படியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அட்டையில இருக்கற வரி, வால் எல்லாம் சாக்பீஸ். அதுவும் கல்யாண வீட்டுக் கோலம் மாதிரி இழுத்து வெச்சிருக்கான். யாரு சார் போட்டது?"

கீழே டாக்டரின் மிஷின் யார் பல்லையோ பிடித்துக்கொண்டு 'கிர்ர்' என்றது.

"ஞாபகம் இல்ல" என்றார் தீனதயாளன். "முப்பது வருஷம் ஆச்சு. ஊர்க்காரங்க யாராச்சும் போட்டிருப்பாங்க."

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. புரட்டாசி. சாயங்காலம் ஐந்து மணி. ஐந்து நாற்பதுக்குக் கடைசி பஸ். வெயில் சரிந்துகொண்டிருந்தது, கல்லில் மஞ்சளும் எண்ணெயும் அப்பியிருந்தன. மைப்படி எடுக்க வேண்டுமென்றால் கழுவிக் காயவைத்து இரண்டு மணி நேரம் ஆகும். வாத்தியார் வேலை என்பதால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் கிடக்கும். கொம்பில்லாத ஒரு மிருகம், பக்கத்தில் ஆயுதத்தோடு ஓர் ஆள். புலியாகத்தானே இருக்க வேண்டும்? முதலில் முதுகுக் கோடு ஒன்று. அப்புறம் ஒரு வரி. ஒரு வரி போட்டபின் இரண்டாவது வரி போடாவிட்டால் அசிங்கமாக இருந்தது. வாலை மட்டும் மூன்று தரம் அழித்து அழித்துப் போட்டார். கடைசித் தரம் தோளில் ஏறி வளைந்து நின்றபோது, அதன் அழகில் அவருக்கே மெய்சிலிர்த்தது. கேமராவை எடுத்தார். பஸ்ஸையும் பிடித்தார். ஒன்பது வருஷம் கழித்து வெங்கடாசலத்தின் அட்டை வரியை எழுதும்போதும் அந்த வால் கண்முன் வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுதினார்.

அவர் கீழே இறங்கிப் போய்க் கொப்பளித்தார். அன்றைக்கு எந்தக் கட்டுரையும் படித்திருக்கவில்லை.

மறுவாரம் சௌந்தர்யா அட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிழை அட்டையில் வந்தது, ஆகவே திருத்தம் அட்டையில். பெரிய படமாக மைப்படி. கீழே அதே எழுத்தளவில், "1994 அக்டோபர் இதழில் புலிகுத்திக் கல் என்று வெளியிட்டது பிழை. கல்லில் இருப்பது கிடாய். வரியும் வாலும் _______ சாக்பீஸால் வரைந்தவை."

"கோடு போட்ட இடத்துல பேரு வரணும் சார். விதி."

"ஞாபகம் இல்லன்னேனே."

"வெங்கடாசலம் சாருக்கு மட்டும் நல்லா ஞாபகம் இருந்துச்சு."

"அந்த ஆளு ஒத்துக்கிட்டான்."

"ஆமா சார். ஒத்துக்கிட்டாரு. அதுதான் அவரு பண்ணின தப்பு."

தீனதயாளன் பேனாவை எடுத்து அந்தக் கோட்டை அடித்து, 'யாராலோ' என்று எழுதினார். அறுபத்தொரு பேர் பெயர் வந்த இதழில் அறுபத்திரண்டாவதாக 'யாரோ' வந்து உட்கார்ந்தது. அவள் அதை லேப்டாப்பில் அடித்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் சாவியை அவள் குத்திய குத்தில் மேஜை ஆடியது.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னராஜ் அழைப்பிதழோடு வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலில் புலி நகம் மாதிரி ஒரு மோதிரம்.

"வாத்தியாரய்யா, கும்பாபிசேகத்துக்கு நீங்கதானுங்க சிறப்பு விருந்தினர். மாட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. புலியக் கண்டுபுடிச்ச கைங்க அது."

தீனதயாளன் அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். சின்னராஜ் நிதானமாகப் படித்தார். கோபம் வரும், கூச்சல் வரும், நாலு வண்டி ஆள் வரும் என்று தீனதயாளன் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தார். மனசின் ஓர் ஓரத்தில், அப்படி ஏதாவது வந்து இதழே நின்று போனால் நிம்மதி என்றும் நினைத்தார்.

"கெடாய்ங்களா?" என்றார் சின்னராஜ்.

"கிடாய்தான்."

"செரிங்க. போட்டுருங்க."

"உங்க முப்பாட்டன் புலியைக் குத்தல. ஆடு மேய்ச்சவரு."

"அட உடுங்கய்யா. யாரு படிக்கப்போறாங்க?" என்று சிரித்தார் சின்னராஜ். "படம் நல்லா பெருசா, பளிச்சுனு வந்திருக்குதுங்க. ஏன் கண்ணு, இதுல ஆயிரம் சேத்தி அடிக்கச் சொல்லு. தாம்பூலப் பையில தேங்கா, வெத்தலையோட ஒண்ணு ஒண்ணு போட்டுக் குடுத்தர்லாம். நம்ம சாமி படமாச்சே!"

சௌந்தர்யா ஆசிரியரைப் பார்த்தாள். தீனதயாளனுக்கு நாக்கில் வேப்பெண்ணெய் தடவியதுபோல் இருந்தது. ஒருவன் தன் பாட்டனைப் பற்றிய பொய்யைக்கூட உண்மை என்று நம்பாமல், நம்பவேண்டிய தேவையும் இல்லாமல், இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியுமா? முப்பத்து நான்கு வருஷம் பொய்யோடு சண்டை போட்டதாக அவர் நினைத்திருந்தார். எதிரில் நின்று சண்டை போட ஆள் இருந்ததே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

ஆவணியில் கும்பாபிஷேகம். கோயில் வாசலில் சிமெண்டுப் புலி ஒன்று வாயைப் பிளந்து நின்றது. ஒவ்வொரு பல்லும் உலக்கைப் பருமன். பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி வரிப்புடவை கட்டியிருந்தார்கள். கும்பலாக நகர்ந்தபோது மேட்டில் இருந்து பார்த்தால் ஒரு காடே புரண்டு படுப்பதுபோல் இருந்தது. கலசத்துக்கு டிரோன் வந்து தீர்த்தம் தெளித்தது. காற்று மாறி அடித்ததில் பாதித் தீர்த்தம் பிரியாணி அண்டாவுக்குப் போய், அன்றைக்குச் செத்த கோழிகளுக்கும் மோட்சம் கிடைத்தது.

மேடையில் தீனதயாளனுக்குப் பொன்னாடை போட்டார்கள். முதல் பொன்னாடையை எடுப்பதற்குள் அடுத்தது விழுந்தது. ஏழாவதில் மூக்கு வரைக்கும் மூடிவிட்டது. எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, நான் ஒரு தப்பைத் திருத்த வந்திருக்கேன். இந்தக் கல்லில் இருப்பது புலி அல்ல."

கைதட்டல்.

"இது ஒரு கிடாய்."

பலத்த கைதட்டல். எவனோ விசில் அடித்தான்.

"உங்கள் முன்னோர் புலியைக் குத்தியவர் அல்லர்! ஒரு கிடாயைக் காப்பாற்ற ஆற்றில் இறங்கி உயிரை விட்டவர்!"

"புலிமேட்டுப் புலி!" என்று கீழே ஒரு கும்பல் கத்த, "வாழ்க!" என்று மிச்சம் பேர் கத்தினார்கள். சின்னராஜ் மைக்கை வாங்கி, "அய்யா அவ்வளவு அடக்கமானவருங்க" என்றார். மைக் செட்காரன் அத்தோடு பேச்சு முடிந்தது என்று நினைத்து உறுமி மேளத்தைப் போட்டுவிட்டான்.

தீனதயாளன் கீழே இறங்கி நடந்தார். பந்தியில் இருந்து வந்தவர்கள் மடியில் தாம்பூலப் பையோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல புழுக்கம். 'மைப்படி'யின் வழவழப்பான அட்டை விசிறுவதற்கு வாகாக இருந்தது. ஒரு பெரியவர் அதில் சுண்ணாம்பைத் துடைத்தார். ஒருத்தி பிள்ளைக்கு மூக்குச் சிந்தினாள். முப்பத்து நான்கு வருஷத்தில் இதழ் இவ்வளவு பேர் கைக்குப் போனதே இல்லை. ஆயிரம் பேர் அவருடைய திருத்தத்தை ஆட்டி ஆட்டிக் காற்று வாங்கினார்கள். அதில் இருக்கும் அந்த 'யாராலோ' யார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதுவே ஒரு வகையில் நல்லது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் குமட்டிக்கொண்டு வந்தது. கொப்பளிக்கத் தண்ணீர் தேடி, கோயிலுக்குப் பின்பக்கம் போனார்.

பின்பக்கத்தில்தான் கல் இருந்தது. கூட்டமெல்லாம் சிமெண்டுப் புலியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்ததால், சாமியிடம் ஆள் இல்லை. கம்பித் தடுப்புக்கு அப்பால் இருபது முப்பது ஆடுகள் மேய்ந்தன. செம்பழுப்பு நிறம், கொம்பில்லாத தலை, கட்டை விரல் வால். நாற்பத்து மூன்று நாற்பத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி, தொரட்டியைத் தடுப்பில் சாத்திவிட்டுக் கல்லுக்கு முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் ஒரு 'மைப்படி'.

"கொஞ்சம் தண்ணி இருக்குமா, அம்மா?"

இடுப்புத் துணியில் கட்டியிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தவள், அவர் கொப்பளித்துத் துப்புவதைப் பார்த்துவிட்டு, "சாமி, நீங்க சேலத்து வாத்தியாருதானுங்களே?" என்றாள்.

"ஆமா. நீ யாரு?"

"ஆராயிங்க. இந்த ஊருதான். இந்தப் பொஸ்தகம் நீங்க போட்டதுன்னாங்க. எனக்குப் படிக்க வராதுங்க. என்ன போட்டிருக்கீங்க?"

ஒருத்தியாவது கேட்டாளே என்று இருந்தது அவருக்கு. "இந்தக் கல்லுல இருக்கறது புலி இல்ல, கிடாய்னு போட்டிருக்கேன்."

"ஆமாங்க. கெடாய்தான்."

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? கெடாக்காரசாமிங்க இவரு. ஆட்டுக்குச் சீக்கு வந்தா எங்கப்பன், பாட்டன் காலத்துல இருந்து இவரத்தான மூணு சுத்து சுத்தி ஓட்டிக்கிட்டுப் போவோம். வெள்ளத்துல கெடா போவுதுன்னு குதிச்சாராம். கெடா கரையேறிருச்சாம், இவரு ஏறலையாம்." கல்லைப் பார்த்து அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இதுக்கா சாமி இத்தன பொஸ்தகம்?"

"அப்புறம் நாங்க புலின்னு எழுதினப்ப ஏன் ஒருத்தரும் பேசல?"

"படிச்சவங்க அச்சுல போட்டுட்டீங்க. நாங்க ஆடு மேய்க்கறவங்க. கொஞ்ச நாளு, எங்க ஆட்டையே ஆடுன்னு சொல்றதுக்குப் பயமாப் போச்சுங்க."

"அன்னைக்கு நான் வந்தப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலீங்களே சாமி." அவள் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பக்கத்துலதான நின்னேன். பாவாட கட்டிக்கிட்டு, பன்னண்டு வயசுங்க எனக்கு. நீங்க சாக்பீச எச்சி தொட்டுத் தொட்டு வரி போட்டுக்கிட்டு இருந்தீங்க. வால மூணு தடவ அழிச்சீங்க."

தீனதயாளன் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. உறுமி மேளம் மட்டும் கேட்டது.

"பஸ்ஸு ஆரன் அடிச்சதும் மிச்சமிருந்த சாக்பீச எங்கிட்டக் குடுத்துட்டு ஓடினீங்க" என்று ஆராயி சிரித்தாள். "நல்லா வெளையாட்டா இருக்குதேன்னு நானும் எங்க ஆட்டுக்கெல்லாம் வரி போட்டு, வால் போட்டு உட்டேனுங்க. பட்டிக்கு ஓட்டிக்கிட்டுப் போனா, எங்கப்பன் பாத்துட்டு அந்தத் தொரட்டியாலயே நாலு வெச்சாரு. ஏண்டி, ஆட்ட ஆடா வெச்சிருக்க மாட்டியான்னு."

"நிறைய அடிச்சாரா?"

"அடிச்சாருங்க. அப்பறம் எல்லா ஆட்டையும் ஆத்துல எறக்கிக் கழுவோணும்னாரு. கழுவுனேன். அவ்வளவுதான். போயிருச்சு."

தீனதயாளன் கல்லைப் பார்த்தார். பன்னிரண்டு வயசில் இவள் அன்றைக்கே அடி வாங்கி, அன்றைக்கே கழுவி முடித்துவிட்டாள். ராசிபுரத்தில் ஒருவர் எட்டு வருஷம் வெறும் கையோடு வகுப்பில் நின்றார். தீனதயாளன் போனை எடுத்தார்.

"சௌந்தர்யா. அடுத்த இதழ் அட்டையும் திருத்தம்தான்."

"எதுக்கு சார்?"

"இந்த அட்டைக்கு. இதுல ஒரு பிழை இருக்கு. பேரு இருக்க வேண்டிய இடத்துல 'யாராலோ'ன்னு போட்டிருக்கு."

"ஞாபகம் வந்துருச்சா சார்?"

"எழுதிக்க. அம்மாப்பேட்டை தீனதயாளன், கமா, தாமே சாக்பீஸால் வரைந்த…"

"பேருக்குப் பின்னாடி எம்.ஏ. போடணுமே சார். வெங்கடாசலம் சாருக்குப் போட்டிருந்தோமே."

"போடு. தெரிஞ்சே அதை மறைச்சாருன்னும் போடு. அந்த வரி அவரு திருத்தத்துல வரல, என்னோடதுல வரணும். முதல் பிரதியை நானே ராசிபுரத்துக்கு எடுத்துட்டுப் போறேன். கதவைத் திறக்கலேன்னா வாசல்ல நின்னு சத்தமாப் படிச்சுட்டு வர்றேன்."

"சரிங்க சார்." அவள் குரலில் குத்தல் இல்லாததே அவருக்கு என்னவோ போல இருந்தது. "படம் என்ன சார் போடறது? கல்லு ரெண்டு தடவை அட்டையில வந்துருச்சு."

"அனுப்பறேன்."

அவர் போனை அணைத்து, கேமராவைத் திறந்து, ஆராயியிடம் நீட்டினார். "அம்மா, இந்த வட்டத்தைத் தொட்டா படம் விழும். என்னை ஒண்ணு எடு."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தீனதயாளன் கழுத்தில் மிச்சமிருந்த ஒரு பொன்னாடையையும் எடுத்துத் தடுப்பில் போட்டுவிட்டு, கல்லுக்கு முன்னால் போய், குற்றவாளிகளைப் படம் எடுக்கிறாற்போல் கையைத் தொங்கவிட்டு நேராக நின்றார்.

ஆராயி போனை முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, அப்புறம் அந்தக் கண்ணைத் திறந்து இன்னொன்றை மூடிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி" என்றாள். "கெடாய மறைக்கறீங்க."